அஞ்சு டைமண்ட்

ரம்மிங்களா அது, போன்ல? ஆடுங்க, ஆடுங்க, ரயில்ல பொழுது போகோணுமில்ல. நான் எட்டிப் பாக்கல. பாத்துட்டேன்னே வெச்சுக்குங்க, வாயத் தொறக்க மாட்டேன். அந்தக் கிளாவர் ஏழாம் நம்பரை எதுக்குங்க போட்டீங்க? சரி, சரி. உங்க ஆட்டம்.

நானும் சீட்டாடறவதானுங்க. ரம்மி இல்லை, பிரிட்ஜ். கோயமுத்தூர்ல எங்க கிளப்புல போயி கோகிலமணின்னு கேளுங்க, சொல்லுவாங்க. முப்பது வருசமா ஆடறேன். பேங்க்ல ஆபீசரா இருந்தப்பவே சாயந்தரமானா நேரா கிளப்புதான். எங்க வீட்டுக்காரர் அங்கதான் ஆடிட்டிருந்தாரு. அவரு போனப்பறமும் நான் விடல.

சம்பூர்ணத்துக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் குடுத்ததே நானுங்க. அதை மொதல்லயே சொல்லிர்றேன். அதுக்கு முன்னால அவளுக்கு துருப்புன்னா என்னன்னே தெரியாது. மோட்டார் பம்ப் பண்ற கம்பெனிக்காரர் பொண்டாட்டி, சாய்பாபா காலனியில பெரிய வீடு, பையன் அமெரிக்காவுல. வீட்டுக்காரர் காலமான வருசம், மூலையில உக்காந்து அழுதுட்டு கெடந்தவளைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து சீட்டைக் கையில குடுத்தேன். அன்னிக்கிருந்து நானும் அவளும்தான் ஜோடி. கோகிலா, சம்பூர்ணம்னு யாரும் பிரிச்சுச் சொல்ல மாட்டாங்க. ஒரே பேராத்தான் சொல்லுவாங்க.

பிரிட்ஜ் தெரியாதுன்னா பரவால்லீங்க, ரெண்டு நிமிசத்துல சொல்லிர்றேன். நாலு பேரு ஆடறது. எதிரெதிரா உக்காந்திருக்கறவங்க ஒரு ஜோடி. ஆளுக்குப் பதிமூணு சீட்டு. ஒவ்வொரு சுத்துலயும் பெரிய சீட்டுப் போட்டவங்க அள்ளறது ஒரு பிடி. மொதல்ல ஏலம். இத்தனை பிடி எடுப்போம், இந்த ஜாதிதான் துருப்புன்னு ஏத்திட்டே போகோணும். ஜாதின்னா ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர். ஆனா பேசக் கூடாது. மேசை மேல அட்டைப் பெட்டி ஒண்ணு இருக்கும், அதுல இருந்து அட்டை எடுத்து வைக்கறதுதான் பேச்சு. மூஞ்சியக் கூடச் சுளிக்கக் கூடாது. கல்யாணமான புதுசுல மாமியார் முன்னால புருசங்கிட்ட ஜாடை காட்டற மாதிரின்னு வெச்சுக்குங்களேன், அந்த ஜாடைக்கும் தடை.

பதிமூணுல பன்னெண்டு பிடி எடுப்போம்னு கேட்டு, எடுத்தும் காட்டினா அது ஸ்லாம். அதைக் கேக்கறதுக்கு முன்னால எதிர்ல இருக்கறவகிட்ட எத்தனை ஏஸ்னு தெரியோணும். அதுக்கு ஒரு அட்டை உண்டு, வெச்சா பதில் வரும். நாங்க அப்படித்தான் ஆடினோம். நல்லாத்தான் ஆடினோம்.

அப்பறம் நிரஞ்சனா வந்தா.

பெங்களூர்ல இருந்து வந்தவ. முப்பத்தெட்டு வயசு. வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஜீன்ஸ் போட்டுக்கிட்டு தலையில மல்லிகைப் பூவும் வெச்சுட்டு வருவா. அது எதுக்குங்க? ஏதாவது ஒண்ணு பண்ணோணும். வந்த மூணாவது நாளே எங்க மேசைக்குப் பின்னால நாற்காலியைப் போட்டு உக்காந்து பாத்தா. பாத்துட்டு சும்மா போகாம, "ஆண்ட்டி, அந்தக் கையில ஸ்லாம் இருந்துச்சே, விட்டுட்டீங்களே"ன்னா.

என்னன்னு கேளுங்க. சம்பூர்ணத்துக்கு டைமண்ட்ல ஒரு சீட்டுக் கூட இல்லை. வாய்டும்பாங்க அதை. அப்ப எங்கிட்ட டைமண்ட் ஏஸ் இருந்தாலும் அவளுக்கு உபயோகமில்லை. எப்படியும் மொதல் டைமண்டையே துருப்புப் போட்டு அவ வெட்டிருவா. நான் ரெண்டு ஏஸ்னு சொன்னா, எந்த ரெண்டுன்னு அவளுக்குத் தெரியாது. அதுக்கு ஒரு வழி இருக்குதாம். ஸ்பேட் துருப்புன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டப்பறம், தாவி அஞ்சு டைமண்ட் வெச்சா, "எங்கிட்ட டைமண்டே இல்லை. உன்ற டைமண்ட் ஏஸை விட்டுரு, மத்ததுல எத்தனைன்னு மட்டும் சொல்லு"ன்னு அர்த்தமாம். எக்ஸ்க்ளூஷன்னு பேரு. பேரைப் பாத்தீங்களா? இருக்கறதை ஒதுக்கி வைக்கறது. அந்தப் புள்ளை கொண்டு வந்ததே அந்த மாதிரிதான்.

சம்பூர்ணத்துக்குக் கண்ணு விரிஞ்சு போச்சு. "கோகிலா, நாமளும் இதைக் கத்துக்கலாம்டி"ன்னா.

"இருபத்தொரு வருசமா இதில்லாம ஆடலையா?"

"அதுக்கில்லைடி. ஸ்லாம் போச்சில்ல?"

"போனா போகுது. எனக்கு அந்த எழவெல்லாம் வேண்டாம். உனக்கு வேணும்னா நீ கத்துக்கோ."

ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. நெசமாவே போயி கத்துக்கிட்டா. அப்பறம் ஒரு நாள், "செவ்வாக்கெழமை மட்டும் நிரஞ்சனாகூட ஆடிப் பாக்கறேன், கோவிச்சுக்காதே"ன்னா. நான் எதுக்குக் கோவிச்சுக்கறேன்? கோவிச்சுக்கவே இல்லை. மூணு வாரம் அவ போனை எடுக்கல, அவ்வளவுதான்.

செவ்வாக்கெழமை போயி வெள்ளிக்கெழமையும் ஆச்சு. என்னை மருதாசலம் புரபசரோட சம்சாரத்துக்கு ஜோடியாப் போட்டாங்க. அந்தம்மா ஏலத்துக்கு நடுவுல கண்ணசந்துருவாங்க. நான் அவங்களை எழுப்பிட்டே அந்தப் பக்கம் பாப்பேன். சம்பூர்ணம் சிரிச்சுட்டு இருப்பா. எங்கூட ஆடறப்ப அவ சிரிச்சதே இல்லைங்க. எங்கூட ஆடறப்ப கவனமா ஆடுவா.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நானும் கத்துக்கிட்டேன். யாருக்கும் தெரியாம. புஸ்தகம் வாங்கி, வீடியோ பாத்து, பழைய டயரி ஒண்ணுல பச்சை இங்க்ல எழுதி எழுதிப் படிச்சேன். எந்த அட்டைக்கு எந்த பதில், எதிராளி நடுவுல பூந்தா என்ன பண்றது, எல்லாம். பேங்க் பரிச்சைக்குக் கூட அப்படிப் படிச்சதில்லை. ஏன் படிச்சேன்னு கேக்காதீங்க. அவ என்ன பேசறான்னு தெரிஞ்சுக்கோணுமில்ல?

அந்த சமயத்துல பாத்ரூம்ல வழுக்கி எனக்குக் காலு சுளுக்கிக்கிச்சு. சம்பூர்ணம் கொள்ளு ரசம் வெச்சு எடுத்துட்டு வந்தா. அதெல்லாம் நல்லாத்தான் பாத்துக்கிட்டா, இல்லைங்கல. நான் நொண்டிட்டு சமையக்கட்டுக்குப் போயி டம்ளர் எடுத்துட்டு வர்றதுக்குள்ள, சாப்பாட்டு மேசையில டயரி தொறந்து கெடந்ததைப் பாத்திருக்கா. பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லல. நானாச் சொல்லட்டும்னு இருந்திருக்கா. அவ பாத்தது எனக்குத் தெரியாது.

டீ வருது, குடிக்கறீங்களா? வேண்டாங்களா? எனக்கு ஒண்ணு குடுப்பா, சக்கரை கம்மியா.

எங்க விட்டேன்? ஆங், கோப்பை. வருசா வருசம் எங்க கிளப்புக்கும் திருப்பூர் கிளப்புக்கும் கோப்பைக்கு ஆட்டம் நடக்கும். போன வருசம் பைனல் எங்க கிளப்புல. அன்னிக்குப் பாத்து நிரஞ்சனா மகளுக்கு அம்மை போட்டிருச்சு. கேப்டன் மருதாசலம் சார் போன் பண்ணினாரு. அந்தப் புள்ளையும் பண்ணினா. "ஆண்ட்டி, நீங்கதான் வரோணும். சம்பூர்ணம்மாவுக்கு உங்களை விட்டா யாரு"ன்னா. இவ யாருங்க எனக்கு அதைச் சொல்றதுக்கு?

போனேன். கண்டாங்கிச் சீலை கட்டிட்டுப் போனேன். சம்பூர்ணம் எந்திரிச்சு வந்து கையப் புடிச்சுக்கிட்டா. "பழையபடி ஆடலாம்டி"ன்னா. ஆடினோம். மொத பத்துக் கை தண்ணி மாதிரிப் போச்சு. நான் என்ன நெனைக்கறேன்னு அவளுக்குத் தெரியுது, அவ நெனைக்கறது எனக்குத் தெரியுது. திருப்பூர்க்காரங்க மூஞ்சி சுருங்கிப் போச்சு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? புருசன் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. சிரிக்காதீங்க.

அப்பறம் அந்தக் கை. அவ ஒரு ஸ்பேட்னு ஆரம்பிச்சா. எங்கிட்ட நாலு ஸ்பேட், ஹார்ட் ஏஸ், டைமண்ட் ஏஸ். மூணு ஸ்பேட் வெச்சேன். திருப்பூர்க்காரர் பாஸ். சம்பூர்ணம் பெட்டியில கைய வெச்சா. எடுத்தா. வெச்சா.

அஞ்சு டைமண்ட்.

எனக்கு நெஞ்சுல தீ வெச்ச மாதிரி ஆயிருச்சுங்க. அர்த்தம் புரியாம இல்லை. நல்லாப் புரிஞ்சுது. டைமண்ட் ஏஸை மறைச்சுக்கோணும், மத்ததுல ஒண்ணு, பதில் அஞ்சு ஸ்பேட். ஒரு செகண்ட் கூட ஆகல எனக்கு. அதுவா விசயம்? என்னை எதிர்ல வெச்சுக்கிட்டு அவளோட பேசறாளே! பத்துக் கை எங்கூட ஆடிட்டு, பதினொண்ணாவது கையில நான் யாருன்னு மறந்துட்டாளே! நான் கத்துக்க மாட்டேன்னு சொன்னவ. அது அவளுக்குத் தெரியும். அப்ப அவ கண்ணுக்கு எதிர்ல உக்காந்திருக்கறது யாரு? ஜீன்ஸும் மல்லிகைப் பூவும்தானுங்களே? ஒரு பொம்பளைகிட்ட புருசன் அடுத்தவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவ என்னன்னு கேப்பாளா?

பச்சை அட்டையை எடுத்து வெச்சேன். பாஸ்.

பாஸ்னா அதோட ஏலம் முடிஞ்சுது. டைமண்டே துருப்பு. ஏலத்துல அஞ்சுன்னா ஆறும் அஞ்சும் பதினொண்ணு. துருப்புல ஒரு சீட்டு இல்லாம சம்பூர்ணம் அத்தனை பிடி எடுக்கோணும். என் சீட்டைப் பிரிச்சு மேசையில போட்டேன், அதான் முறை. சம்பூர்ணம் என்ற ரெண்டு ஏஸையும் பாத்தா. அப்பறம் என்னைப் பாத்தா. வரிசையா ஆடி முடிச்சா. அஞ்சு பிடி. திருப்பூர்க்காரர் கைக்குட்டையை வாயில வெச்சுக்கிட்டாரு. அடுத்த ரூம்லயும் இதே சீட்டைத்தான் குடுப்பாங்க, அங்க அவங்க ஆளுங்க ஸ்பேட்ல ஸ்லாம் போட்டாங்களாம். அந்த ஒரு கையில கோப்பை போச்சு.

வெளிய வராந்தாவுல வந்து கேட்டா. கோவமா இல்லை, மெதுவாத்தான். "ஏன்டி பாஸ் வெச்சே?"

"நீ டைமண்ட் கேட்டே. உங்கிட்ட டைமண்ட் இருக்குதுன்னு நெனச்சேன்."

"உனக்குத்தான் தெரியுமே. உங்கூட்டு மேசை மேல டயரியில பாத்தேன். பச்சை இங்க்ல, உன்ற கையெழுத்து. அதை நம்பித்தான்டி வெச்சேன்."

இப்பச் சொல்லுங்க, மருதாசலம் சாரு பக்கத்துல நிக்கறாரு, திருப்பூர்க்காரங்க நிக்கறாங்க. திருட்டுத்தனமாப் படிச்சேன், தெரிஞ்சே பாஸ் வெச்சேன்னு அத்தனை பேரு முன்னால ஒத்துக்க முடியுங்களா?

"எந்த டயரி?"ன்னேன். "அப்படி டயரியே எங்கிட்ட இல்லை. நீ எதையோ நெனச்சுட்டுப் பேசறே."

அவ மூஞ்சி போன போக்கை இப்பவும் மறக்க முடியலைங்க. அவங்கம்மாவுக்கு ஞாபகம் தப்பிப் போயி ஆறு வருசம் கெடந்தாங்க. பெத்த மகளைப் பாத்து "நீ யாரு சாமி"ன்னு கேட்டுட்டே போனாங்க. சம்பூர்ணத்துக்கு இருந்த ஒரே பயம் அதுதான். "நான் பாத்தனே"ன்னா. "பாத்தேன்னுதான் நெனச்சேன்"னா. அப்பறம் எல்லாரையும் பாத்து, "என்ற தப்புங்க, கோகிலா மேல ஒண்ணும் இல்லை"ன்னு கும்பிட்டா.

நானும் சரின்னு ஏத்துக்கிட்டேன்.

அதுக்கப்பறம் அவ சீட்டையே தொடல. கிளப்புக்கும் வர்றதில்லை. காரு ஓட்டறதை நிறுத்திட்டா. டப்பா டப்பாவா பேரெழுதி ஒட்டினா. நான்தானுங்க போயிப் பாத்துட்டு வந்தேன், செவ்வாயும் வெள்ளியும் தவறாம. முறுக்கு, அதிரசம், அவளுக்குப் புடிச்ச சந்தவை, ஏதாவது கொண்டுட்டுப் போவேன். சொல்லிரலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் போவேன். போனா காப்பி கலந்து கொண்டாருவா. ரெண்டு பேரும் பால்கனியில உக்காந்து பேசிட்டிருப்போம். வேற யாரும் இல்லை. மூணு மாசம், நம்புவீங்களா, பழைய மாதிரி இருந்தோம். பழையதை விட நல்லா இருந்தோம்னு கூடச் சொல்லலாம். அந்தப் புள்ளை போன் பண்ணினா நான்தான் எடுப்பேன். "தூங்கறா"ம்பேன். சம்பூர்ணம் எதிர்ல உக்காந்து கேட்டுட்டுத்தான் இருப்பா, ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டா. எதுக்குமே அவ ஒண்ணும் சொல்றதில்லை அப்பெல்லாம்.

பையன் அமெரிக்காவுல இருந்து வந்தான். அம்மாவைத் தனியா விட முடியாது, வீட்டை வித்துப் போட்டு முதியோர் இல்லத்துல சேக்கறேன்னான். அதுக்கு முன்னால நரம்பு டாக்டர்கிட்ட காட்டலாம்னு ஏற்பாடு. நானும் வர்றேன்னேன். போயிப் பாத்தா வண்டி ஓட்டறது நிரஞ்சனா. யாரு கூப்பிட்டாங்களோ. பையன்தான் கூப்பிட்டிருப்பான். முன் சீட்டுல சம்பூர்ணம், பின் சீட்டுல பையன்கூட நான்.

டாக்டர் ஸ்கேனெல்லாம் பாத்தாரு. படம் வரையச் சொன்னாரு, கணக்குக் கேட்டாரு. "எல்லாம் நல்லாத்தானே இருக்குதும்மா, எதை வெச்சு ஞாபகம் போச்சுங்கறீங்க?"ன்னாரு.

சம்பூர்ணம் தலையைக் குனிஞ்சுட்டு டயரிக் கதையைச் சொன்னா. "இல்லாததைப் பாத்தேனுங்க டாக்டர். எழுத்தெல்லாம் இன்னும் கண்ணுல நிக்குது. பச்சை இங்க். ஆனா அப்படி ஒண்ணு இல்லவே இல்லை. இவ சொல்றா. இவ எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டா."

அப்பவும் நான் பேசலீங்க. அப்ப அந்த நிரஞ்சனா, சம்பூர்ணத்தோட கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, "டாக்டர், சம்பூர்ணம்மா பாத்தேன்னா பாத்திருப்பாங்க. யாரு இல்லைன்னாலும் நான் நம்பறேன்"னா.

சம்பூர்ணம் நிமிந்து அவளைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. எங்க வீட்டுக்காரர் செத்தப்ப நான் சம்பூர்ணத்தைப் பாத்திருப்பேன் அப்படி. எனக்குத் தாங்கல. இவ நம்பறாளாம்! என்ற டயரியை, என்ற எழுத்தை, கண்ணால பாக்காத இவ நம்பறாளாம்!

"இருந்துச்சு"ன்னேன். "என்ற டயரிதான். அதுல எழுதினது நான்தான். இந்த நிரஞ்சனாவுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. சம்பூர்ணம் அழுவாள்னு நெனச்சேன். அழல. ரொம்ப நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டா, தண்ணிக்குள்ள இருந்து மேல வந்தவ மாதிரி.

கீழ வந்தோம். நிரஞ்சனா காரெடுக்கப் போனா, பையன் மருந்துச் சீட்டை வாங்கப் போனான். நாங்க ரெண்டு பேரும்தான் நின்னோம். ஏன் பாஸ் வெச்சேன்னு அவ கேக்கல. "ஆட்டம் போனது போகட்டும்டி"ன்னா. "மூணு மாசம். அடுப்பை அணைச்சனான்னு நாளைக்குப் பத்துத் தடவை போயிப் போயிப் பாத்தேன். கண்ணாடியில எங்கம்மா மூஞ்சி தெரிஞ்சுது எனக்கு. நீ எதிர்ல உக்காந்து முறுக்குத் தின்னுட்டிருந்தே."

அவ்வளவுதான். நான் கேக்கறேன், அந்த ரூம்ல உண்மையைச் சொன்னது யாருங்க? நான்தானே? நான் மட்டும் வாயத் தொறக்கலைன்னா இன்னிக்கு அவ எந்த இல்லத்துல உக்காந்திருப்பா? அதுக்கு ஒரு வார்த்தை? அந்த முறுக்கு விசயத்தையெல்லாம் அவளா யோசிச்சிருக்க மாட்டா. யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க.

வீட்டை விக்கல. பையன் திரும்பிப் போயிட்டான். சம்பூர்ணம் மறுபடி ஆட வந்துட்டா. இந்த வருசம் கோப்பை எங்க கிளப்புக்குத்தான், அவங்க ரெண்டு பேரும் வாங்கிக் குடுத்தது. நான் புரபசர் சம்சாரத்துக்கு எக்ஸ்க்ளூஷன் சொல்லிக் குடுத்துட்டிருக்கேன். ஏறவே மாட்டேங்குது.

போன வெள்ளிக்கெழமை கிளப் வாசப்படியில நேருக்கு நேர் வந்துட்டோம். ஒதுங்க எடமில்லை. "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டா. இருபத்தொரு வருசமா வாடி, போடின்னு கூப்பிட்டவ. நான் பதில் சொல்றதுக்குள்ள, "வா கண்ணு, நேரமாச்சு"ன்னா.

எனக்குப் பின்னால அந்தப் புள்ளை நின்னுட்டிருந்திருக்கா. எனக்குத் தெரியலைங்க. நான் அவ பக்கம் ஒரு எட்டு எடுத்து வெச்சுட்டேன்.